கறுப்பிலக்கியத்துக்குத் தனி வாசகர் வட்டம் எதற்கு?

இழையைத் தொடங்கியவர், 8 அக்டோபர் 2023

அமெரிக்காவில் கறுப்பர்கள் எழுதியதை மட்டும் படிக்க ஊருக்கு ஊர் வட்டம் வைத்திருக்கிறார்களாம். எனக்குப் புரியவில்லை. நல்ல எழுத்துக்கு நிறம் உண்டா? தனியாக ஒதுக்கி வைத்துப் படிப்பதே அந்த எழுத்தைச் சின்னதாக்குவது இல்லையா? யாராவது அப்படி ஒன்றுக்குப் போயிருந்தால் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

9 அக்டோபர்

நான் போகிறேன். சிகாகோவின் தெற்குப் பக்கம், ஒரு கிளை நூலகத்தின் பின்னறை, மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலை 10.30. ஆறு வருடமாகிறது. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், ஒன்பது பேர் வருவோம், ஐந்து பேர் புத்தகத்தை முடித்திருப்போம். கறுப்பர் அல்லாதவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு அம்மாள் தபால் இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

நீங்கள் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதுவும் அந்த அறையிலேயே, இரண்டாவது மாதமே. தபால் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாருக்கும் பொதுவான குழு இந்த ஊரில் நூறு இருக்கிறது, பேபி. அதில் எங்கள் புத்தகம் வருடத்துக்கு ஒன்று வரும். பிப்ரவரியில்."

எனக்கு அப்போது 46 வயது. பேபி.

9 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

பிப்ரவரி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே அது கறுப்பர் வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-ல் ஒரு வாரமாகத் தொடங்கியது, பின்னால் மாதமானது. கறுப்பர் வரலாற்றுக்கான தன் சங்கத்தை அவர் 1915-ல் ஆரம்பித்ததும் இதே சிகாகோவில்தான், வாபாஷ் அவென்யூ ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில். அந்த மாதம் மட்டும் எல்லாக் கடை சன்னலிலும் கறுப்பு எழுத்தாளர் முகம் இருக்கும். மார்ச் 1-ந் தேதி எடுத்துவிடுவார்கள்.

10 அக்டோபர்

இது நேற்று முளைத்த பழக்கமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு மிச்சிகன் அவென்யூவில், 48-வது தெருப் பக்கம், ஜார்ஜ் கிளீவ்லேண்ட் ஹால் என்ற டாக்டரின் பெயரில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. அதன் முதல் நூலகர் விவியன் ஹார்ஷ். சிகாகோ பொது நூலகத்தில் நூலகரான முதல் கறுப்பர் அவர்தான். 1932-ல் அங்கே புத்தக விமர்சனக் கூட்டம் ஆரம்பித்தார். லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன், ரிச்சர்ட் ரைட், குவெண்டலின் புரூக்ஸ் என்று கறுப்பு எழுத்தாளர்கள் எல்லாரும் வந்து பேசிய இடம். ரைட்டும் புரூக்ஸும் அப்போது இன்னும் பெரிய பெயர் இல்லை. வேலை முடிந்து வந்த சமையல்காரரும் ரயில் போர்ட்டரும் உட்கார்ந்து கேட்ட கூட்டம் என்று எங்கள் குழுவில் சொல்வார்கள்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. கறுப்பர் எழுதிய, கறுப்பரைப் பற்றிய எதையும் விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு இப்போது ஹால்ஸ்டெட் தெருவில் இருக்கும் உட்சன் வட்டார நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

11 அக்டோபர்

திருத்தம் இரண்டு. 1932 நூலகம் திறந்த வருடம், கூட்டம் தொடங்கியது 1933. அப்புறம், உட்சன் என்று எழுதிவிட்டேன். மேலே வுட்சன் என்று சொன்ன அதே ஆள்தான், நூலகத்துக்கும் அவர் பெயர்தான். ஒரே மனிதரை இரண்டு பேராக்கிவிட்டேன்.

14 அக்டோபர்

"இதெல்லாம் ஓப்ரா வின்ஃப்ரீ டி.வி.யில் ஆரம்பித்து வைத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓப்ராவின் புத்தக வட்டம் 1996. இரண்டாவது புத்தகமே கறுப்பு நாவலாசிரியர் டோனி மாரிசனுடையது, அதனால் லட்சக்கணக்கானவர்கள் மாரிசனைப் படித்தார்கள். அதில் சண்டையில்லை. நிகழ்ச்சி படமானதும் சிகாகோவில்தான், எங்கள் குழுவில் இரண்டு பேர் பார்வையாளராகப் போய்க் கைதட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் ஹார்ஷ் அதற்கு 63 வருடம் முந்தியவர். அவருக்கும் நூறு வருடம் முந்தியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது சாம்பார் அடிப்பிடிக்கிறது.

22 அக்டோபர்

நேற்றுக் கூட்டம். குவெண்டலின் புரூக்ஸ். அவர் எழுதிய ஒரே நாவல் 'மாட் மார்த்தா', 1953. அதோடு 1945-ல் வந்த முதல் தொகுப்பிலிருந்து சில கவிதைகள்.

இங்கே அவரை யாரும் புரூக்ஸ் என்று மொட்டையாகச் சொல்வதில்லை. மிஸ் புரூக்ஸ். 1950-ல் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பு எழுத்தாளர் என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம்பட்சம். பள்ளிக்கூடத்துக்கு வந்து, எழுதுகிற பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் பரிசு கொடுத்தவர் என்பதுதான் முதலில் வரும். குழுவில் பெரியவர்கள் எல்லாருமே மிஸ் இன்னார், மிஸ்டர் இன்னார்தான், முதல் பெயரோடு. ஊரில் டீச்சரை "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்ட வாய்க்கு இது சுலபமாக வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். 'கிச்சனெட்' வீடுகளைப் பற்றி ஒரு சின்னக் கவிதை. கறுப்பர்களுக்கு வேறு பேட்டையில் வீடு கிடைக்காத காலத்தில், ஒரு பெரிய ஃபிளாட்டைப் பலகை வைத்துத் தடுத்து அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். மூலையில் ஒரு சின்ன அடுப்பு, மாடிக்கு ஒரே குளியலறை. கவிதையில் கனவு ஒன்று எழும்பப் பார்க்கிறது, வெங்காயப் புகையும் நடைவழியில் ஊறிக் கிடக்கும் நேற்றைய குப்பையும் தாண்டி அது வர முடியுமா என்று கேட்கிறார். கடைசியில், 'ஐந்தாம் நம்பர்' குளியலறையை விட்டு வெளியே வந்தாயிற்று, வெதுவெதுப்பாகவாவது தண்ணீர் மிச்சமிருக்கும் என்று உள்ளே போகப் பார்க்கிறார்கள். கனவு அம்போ.

நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததை அழகாகப் படித்தேன்: "ஐந்தாவது குழந்தை குளித்து முடித்துவிட்டது, பெயர்கூடச் சொல்லாமல் எண்ணாகிவிட்ட குழந்தை, வறுமை மனிதரை எண்ணாக்குகிறது..."

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எட்டு வயதுவரை கிச்சனெட்டில் வளர்ந்தவர். நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பெற்ற பிள்ளைக்கு யாரம்மா நம்பர் போடுவார்கள்? அது ஐந்தாம் நம்பர் வீடு" என்றார். எதிர் அறைக்காரர் எப்போது வெளியே வருவார் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துண்டும் சோப்புமாக அவர் அம்மா நிற்பாராம். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நம்பர் முந்திக்கொள்ளும்.

22 அக்டோபர், இரவு

"குழந்தை என்றும் படிக்கலாமே, பேராசிரியர்களும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். படிக்கலாம். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் என் வாசிப்பில் துண்டும் சோப்பும் இல்லை.

23 அக்டோபர்

கறுப்பா கருப்பா என்று இங்கே பதினொரு பதில் வந்திருக்கிறது, புரூக்ஸுக்கு இரண்டு. சரி, என் பங்கு: நான் 'கறு' என்ற அடியை வைத்து வல்லின றகரம் போடுகிறேன். 'கருப்பு' என்றால் பழைய அகராதியில் பஞ்சம். இங்கேயும் இந்த எழுத்துச் சண்டை உண்டு. 'பிளாக்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று நெடுநாள் கேட்டு, 2020-ல்தான் ஏ.பி. செய்தி நிறுவனம் மாறியது. தமிழில் பெரிய எழுத்தே இல்லாததால் அந்த ஒரு சண்டையிலிருந்து தப்பித்தோம்.

5 நவம்பர்

சொன்ன கடனை அடைக்கிறேன். 1828-ல் பிலடெல்பியாவில் கறுப்பு ஆண்கள் ஒரு படிப்பறைச் சங்கம் வைத்தார்கள். 1831-ல் அதே ஊரில் பெண்கள் தங்களுக்கு ஓர் இலக்கியச் சங்கம் வைத்தார்கள். தெற்கு மாநிலங்களில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தடுத்து அடுத்தடுத்துச் சட்டம் வந்த வருடங்கள் அவை. வட கரோலினா 1830, வர்ஜீனியா 1831.

அந்தப் பெண்கள் சங்கத்தின் வழக்கம் எனக்குப் பிடித்த ஒன்று. ஒவ்வொருத்தியும் எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படித்து, யார் எழுதியது என்று தெரியாமலே குறை நிறை சொல்வார்கள். எங்கள் குழுவில் இதை ஒருமுறை செய்து பார்த்தோம். என் காகிதத்தை எல்லாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். "இவ்வளவு நீள வாக்கியத்தை நம்மில் யார் எழுதுவார்கள்?"

19 நவம்பர்

நேற்று சோரா நீல் ஹர்ஸ்டனின் 1937 நாவல், 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் ஃபுளோரிடா கறுப்பர் வட்டாரப் பேச்சு, காதில் விழுகிறபடியே எழுதியது. வீட்டில் மனதுக்குள் படித்தபோது ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அறையில் தபால் அம்மாள் வாய்விட்டுப் படித்தார். அவ்வளவுதான், திரை விலகிவிட்டது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவளைப் பற்றி வம்பளக்கும் ஊர்க்காரர்கள், அதில் ஒருத்தியின் பொறாமை, ஒருத்தியின் கெட்ட சிரிப்பு, எல்லாம் குரலில் வந்தது. கரிசல் எழுத்தைச் சென்னைக்காரர் கண்ணால் படிப்பதற்கும் கோவில்பட்டிக்காரர் வாயால் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம். படித்து முடித்துவிட்டு, "இது எங்கம்மா பேச்சு இல்லை. அவர் மிசிசிப்பி. ஆனால் இந்தப் பொம்பளைகளை எனக்குத் தெரியும்" என்றார்.

அப்புறம் சண்டை. இந்த நாவல் வந்தபோது ரிச்சர்ட் ரைட் இதைக் கடுமையாகத் தாக்கி மதிப்புரை எழுதினார். வெள்ளைக்காரரைச் சிரிக்க வைக்கிற பழைய கூத்தைத்தான் இந்த அம்மாள் தொடர்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. பஸ் பெரியவர் ரைட் கட்சி: "அந்தக் காலத்தில் இப்படிப் பேசினால் நம்மை யார் மதித்தார்கள்?" ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஹர்ஸ்டன் கட்சி: "மதிக்க வேண்டும் என்று அவர் யாருக்கு மனுப் போட்டார்?" முக்கால் மணி நேரம். இடையில் யாரோ கொண்டுவந்த எலுமிச்சை கேக் தீர்ந்தது.

ஹர்ஸ்டன் 1960-ல் இறந்தபோது புத்தகங்கள் அச்சில் இல்லை, கல்லறையில் பெயர்கூட இல்லை. 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃபுளோரிடாவுக்குப் போய், இடுப்பளவு புதருக்குள் தேடி, இதுவாகத்தான் இருக்கும் என்ற இடத்தில் கல் நட்டார்.

இழையைத் தொடங்கியவர் கவனிக்க: "இது நம்மைக் கேலிப்பொருளாக்குகிறதா" என்ற இந்தச் சண்டையைப் பொதுவான குழுவில் போட முடியாது. அங்கே கறுப்பு வாசகர் ஒருவர் இருந்தால், எல்லார் முகமும் அவர் பக்கம் திரும்பும், அவர் வக்கீலாகிவிடுவார். ஹர்ஸ்டன் பிடிக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? இங்கே யாரும் யாருக்கும் வக்கீல் இல்லை. அதனால் திட்டவும் முடிகிறது.

19 நவம்பர், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஓட்டை இருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்திருந்தேனே?

உண்மையைச் சொன்னால், முதல் நாலு வருடம் இப்படிச் சண்டை எதுவும் நான் பார்க்கவில்லை. எல்லாரும் எல்லாப் புத்தகத்தையும் பாராட்டினார்கள். அருமையான நாகரிகமான குழு என்று வீட்டில் வந்து சொன்னேன். அது எனக்காகப் போட்ட நாகரிகம் என்று ரொம்ப நாள் தெரியவில்லை.

20 நவம்பர்

தூக்கம் வரவில்லை, அதனால் இது.

இரண்டு வருடம் முன்பு இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' படித்தோம். 2020-ல் வந்த புத்தகம். அமெரிக்க இனவெறியை நம் சாதி அமைப்போடு வைத்துப் பார்க்கிறார். அன்றைக்கு நான் கொஞ்சம் மிடுக்காகப் போனேன், இன்று நம் பாடம் என்று. நால்வர்ணம், தீண்டாமை, அம்பேத்கர், அவர் 1946-ல் கறுப்பு அறிஞர் டூ பாய்ஸுக்கு எழுதிய கடிதம், டூ பாய்ஸ் போட்ட பதில், எல்லாம் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள். டூ பாய்ஸ் கடிதம் அவர்களுக்கும் புதிது.

முடித்ததும் பள்ளி ஆசிரியை கேட்டார்: "இதில் நீ எங்கே இருக்கிறாய்?"

நான் சொன்னேன்: "எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் பார்ப்பதில்லை."

எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். ஒரு முகமும் தெரியவில்லை. மேசையின் அந்தக் கோடியிலிருந்து தபால் அம்மாளின் "ம்ம்-ஹ்ம்" மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நம் பாட்டிமார் "சரிதான்" என்று இழுப்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். அந்த வாக்கியத்தை அவர்கள் வாழ்நாள் முழுக்க வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்கு வயல் இருந்தது. வயலில் வேலை செய்தவர்கள் கொல்லைப்புறம் வழியாக வருவார்கள், அவர்களுக்குத் தனி டம்ளர், அது தொழுவத்துச் சுவரில் செருகியிருக்கும். நான் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "பார்ப்பதில்லை" என்று சொன்ன அன்று அந்த டம்ளர் என் ஞாபகத்தில் இல்லை என்று சொல்ல ஆசை. இருந்தது.

அடுத்த மாதம் போய் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். யாரும் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "அலுமினியமா?" என்று பஸ் பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அம்மா தெற்கே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாராம், அங்கே அவருக்கென்று வைத்திருந்தது ஜாடி. அப்புறம் அன்றைய புத்தகத்துக்குப் போய்விட்டோம்.

என் முன்னால் சண்டை போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதனால்தானா என்று கேட்டால், நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

22 நவம்பர்

"சாதியை இங்கே இழுக்காதீர்கள், தலைப்பு கறுப்பிலக்கியம்" என்று கண்டித்தவருக்கு: நான் இழுக்கவில்லை, அவர்கள் கேட்டார்கள்.

3 டிசம்பர்

நூலகத்தில் சத்தம் போட விடுவார்களா என்று ஒரு கேள்வி. பின்னறைக்குக் கதவு உண்டு. இருந்தாலும் சிரிப்பு எல்லை மீறினால் யாராவது ஒருவர் "ரயில், ரயில்" என்பார், எல்லாரும் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். 2015-ல் கலிஃபோர்னியாவில் பதினொரு பெண்கள் கொண்ட ஒரு வாசகர் வட்டம், ஒருத்தி தவிர எல்லாரும் கறுப்பர், நாப்பா பள்ளத்தாக்கில் ஒரு சுற்றுலா ரயிலில் புத்தகம் பேசப் போனார்கள். சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். எண்பதைத் தாண்டிய பாட்டியும் அதில் ஒருவர். மற்றப் பயணிகள் பார்க்கப் பார்க்கப் பெட்டி பெட்டியாக நடத்திக் கொண்டுபோய், கீழே போலீஸ் வேறு. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கும் 2016-ல் சமரசத்தில் முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது நகைச்சுவையாகிவிட்டது. அப்படித்தான் செய்வார்கள்.

17 டிசம்பர்

நேற்று ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்', 1940. இந்த ஊர்க் கதை. ஒற்றை அறைக் கிச்சனெட்டில் அலாரம் அடிக்கிறது, அடுத்த நிமிடம் எலி. இருபது வயது பிக்கர் தாமஸ் அதை வாணலியால் அடித்துக் கொல்கிறான். அந்த எலி அறையை வாடகைக்கு விடுவது எந்த முதலாளியின் நிறுவனமோ, அவர் வீட்டுக்கே கார் ஓட்டப் போகிறான். அவரோ கறுப்பு இளைஞர்களுக்குப் பிங்பாங் மேசை வாங்கிக் கொடுக்கும் தர்மவான். "பிங்பாங்" என்ற சொல் வந்ததும் அறையே வெடித்தது. ரைட் சிகாகோ தபால் நிலையத்தில் கடிதங்களை வகைபிரித்து அடுக்கியவர் என்பதால் தபால் அம்மாளுக்கு அவர் "எங்க ஆபீஸ் ஆள்". வேறு எந்தச் சலுகையும் காட்ட மாட்டார்.

கூத்து என்னவென்றால், புத்தகங்கள் ஒத்துப்போகவில்லை. பஸ் பெரியவரிடம் அவர் அப்பா வாங்கிய 1940 பிரதி. அட்டை போய், நூல் தொங்கி, பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறார். மற்றவர்களிடம் புதுசு. ஆரம்பத்தில் பிக்கரும் நண்பனும் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்ததும் பெரியவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என் அப்பா புத்தகத்தில் இது இல்லையே."

இருந்திருக்காது. உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு புத்தகம் அனுப்பும் புக் ஆஃப் த மந்த் கிளப் கறுப்பு எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை முதன்முதலாக எடுத்தது அப்போதுதான். எடுப்பதற்கு முன் சில இடங்களை மாற்றச் சொன்னார்கள், ரைட் மாற்றினார். மூலம் அச்சில் வந்தது 1991-ல். மாற்றப்பட்ட இடங்களில் முக்கியமானது இந்தக் கொட்டகை. இருட்டில் இரண்டு பையன்களும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே விளக்க மாட்டேன். அது போயிற்று. அதோடு, திரையில் ஓடும் செய்திப்படத்தில் முதலாளி மகள் கடற்கரையில் காதலனோடு தெரிகிறாள், அதுவும் போயிற்று. அவளை அவன் நேரில் பார்க்கும் முன்பே திரையில் பார்த்துவிட்டான் என்பது 1940 வாசகருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது சிக்கல்: பெரியவரிடம் இல்லாத அந்தப் பக்கத்தை யார் சத்தமாகப் படித்துக் காட்டுவது? மேசையைச் சுற்றி ஞாயிறுதோறும் தொப்பி வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகும் பெண்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவருக்குக் கண்ணாடி காணாமல் போயிற்று. கடைசியில் பள்ளி ஆசிரியை புத்தகத்தை மேசை மேலே தள்ளி, "வளர்ந்த ஆள்தானே, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்றார். பெரியவர் மனதுக்குள் படித்தார். நாங்கள் ஏழு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடித்துவிட்டு, "எங்கப்பா நல்ல பிரதிதான் வாங்கியிருக்கிறார்" என்று மூடினார்.

17 டிசம்பர், பிற்பகல்

கறுப்பரை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல் வந்தால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அது அடிக்கடி வரும் நாவல். படிக்கும் முறை என்னிடம் வந்தபோது என்ன செய்தேன் என்றால், அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினேன். எதுவும் சொல்ல வேண்டாம், நிறுத்தினால் போதும், அங்கே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் என்று முதல் வருடமே சொல்லியிருந்தார்கள். அவர்களில் சிலர் சொல்லிப் படிப்பார்கள், சிலர் மாட்டார்கள். அது அவர்கள் பாடு.

21 ஜனவரி 2024

நேற்றும் 'நேட்டிவ் சன்'. குளிர் எலும்பைக் குத்தியது, ஆனாலும் பதினொரு பேர். பாதியில் விட்ட சண்டை அப்படி.

பெஸ்ஸி என்று ஒரு பெண். பிக்கரின் காதலி, கறுப்பு, நாள் முழுக்க வேறு வீட்டில் வேலை. பிக்கர் அவளைப் பலாத்காரம் செய்து, தூங்கும்போது செங்கல்லால் அடித்துக் கொல்கிறான். மரண விசாரணையில் அவள் உடலைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், முதலாளி மகளான வெள்ளைப் பெண்ணை அவன் முன்பே கொன்றதற்குச் சாட்சியமாக. அவளுக்காக வழக்கு இல்லை.

பெண்கள் எல்லாரும் ரைட் மேல் கோபத்தில் இருந்தார்கள். நான் புத்திசாலித்தனமாக நடுவில் புகுந்தேன். முன்பு எழுதிய கதைகளைப் படித்துவிட்டு வங்கிக்காரர் வீட்டுப் பெண்கள் அழுது ஆறுதல் பட்டுக்கொண்டார்கள், அடுத்த புத்தகம் யாரும் அழுது தீர்க்க முடியாதபடி கடினமாக இருக்க வேண்டும் என்று ரைட்டே சொல்லியிருக்கிறார், அதனால்தான் இந்தக் கொடுமை என்று விளக்கினேன்.

பள்ளி ஆசிரியை என்னைப் பார்த்துத் திரும்பினார். "வங்கிக்காரர் மகள் அழுவாளா மாட்டாளா என்று யோசித்தார், சரி. இந்த மேசையில் இருக்கும் நான் அழுவேனா என்று யோசித்தாரா? நீ தப்பு. போய் பெஸ்ஸி பக்கங்களைத் திரும்பப் படி."

ஆறு வருடத்தில் எனக்கு அங்கே கிடைத்த முதல் "நீ தப்பு". பெரியவர்கூட எனக்கு ஆதரவாக வரவில்லை, அவரும் ரைட் கட்சியாக இருந்தும். இரவு படித்தேன். ஆசிரியை சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்றால், அடுத்தது பிப்ரவரி.

பிப்ரவரியில் எங்கள் குழு கறுப்பிலக்கியம் படிக்காது. "அந்த மாதம் ஊரே நம்மைப் படிக்கும், நாம் வேறு எங்காவது போய்வருவோம்" என்பது வழக்கம். ஒரு வருடம் ரஷ்ய நாவல், ஒரு வருடம் துப்பறியும் கதை. இந்தத் தடவை தபால் அம்மாள் என்னைக் கையைக் காட்டினார். "இவள் ஊர்ப் புத்தகம். பெஸ்ஸியே எழுதியதாக ஒன்று கொண்டு வரச் சொல்."

தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு' என்று சொல்லிவிட்டேன். 1992-ல் வந்தது, ஆங்கிலத்தில் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பு இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்து ஊர், எங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை.

23 ஜனவரி

மூன்று பிரதிதான் நூலகத்தில் கிடைத்தது. சிகாகோவில் யாரிடமாவது ஆங்கிலப் பிரதி இருந்தால் 17-ந் தேதிக்குள் கடன் கொடுங்கள். தமிழும் ஒன்று வேண்டும். முதல் இரண்டு பக்கத்தை மூலத்தில் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஹர்ஸ்டனை அந்த அம்மாள் படித்தது போல.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை. கொல்லைப்புறத்தில் கேட்ட பேச்சு. நான் படித்தால் எப்படி இருக்கும் என்று நேற்றுக் குளியலறையில் ஞாபகத்திலிருந்து இரண்டு வரி சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், அந்தப் பேச்சு வீட்டுப் பேச்சாக உள்ளவர், இங்கே யாராவது இருந்தால் குரலில் பதிந்து அனுப்ப முடியுமா? கூட்டத்தில் அதையே போட்டுவிடுகிறேன்.